பத்து விரல்களும் ஒரு பதிவேடும்

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காமநல்லூருக்கு விடியற்காலையில் போலீஸ் வந்து இறங்கியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி ஊரில் வயதுவந்த ஆண்கள் எல்லோரும் வந்து பத்து விரல் ரேகையையும் பதிந்துவிட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு. திருடாதவன் எதற்கு ரேகை வைக்க வேண்டும் என்று ஊர் மறுத்துவிட்டது. பேச்சு முற்றியது, கூட்டம் கூடியது, துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்துப்போனார்கள். இன்னும் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஊரில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. வருடாவருடம் ஏப்ரல் 3 அன்று அங்கே மக்கள் கூடுகிறார்கள்.

அதிகாரத்தைப் பற்றிச் சமூகவியலாளர்கள் எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் இந்த ஊரை வைத்துத்தான் அவற்றை உரசிப் பார்க்கிறேன். மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தானாக வந்துவிடும். அதிகாரம் என்றதும் எல்லோருக்கும் அந்தத் துப்பாக்கிதான் கண்முன் வரும். எனக்கோ அன்று காலை ரேகை எடுக்க வந்தவர்களின் மையும் பதிவேடும்தான் வருகின்றன. மை பலித்த ஊர்களில் துப்பாக்கிக்கு வேலையே இருக்கவில்லை. சத்தமில்லாமல் ரேகை வைத்த ஊர்கள் எத்தனையோ. அங்கே யாரும் சாகவில்லை, தூண் எதுவும் இல்லை, நாம் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதும் இல்லை. அதிகாரம் முழுசாக ஜெயித்த இடங்கள் அவை.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. முதலில் வட இந்தியாவுக்கு, பிறகு வங்காளத்துக்கு. 1911இல் விரித்து எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில் இருந்த வாதம் கேட்க எளிமையானது. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அப்படியானால் பரம்பரைத் திருடர்களும் இருந்தாக வேண்டும், இல்லையா? சாதியைப் பற்றி ஐரோப்பியர்கள் உருவாக்கிக்கொண்ட ஒரு புரிதல், நேரே தண்டனைச் சட்டமாகிவிட்டது. ஒரு சமூகம் குற்றத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறது என்று நம்பக் காரணம் இருப்பதாக மாகாண அரசு கருதினால் போதும், அறிவிப்பு வெளியிடலாம். அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

மதுரை மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர்கள் மீது அது 1910களின் நடுவில் பாய ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பதிவானவன் குறித்த நேரத்தில் போய்த் தலைகாட்ட வேண்டும். வீடு மாறினால் சொல்ல வேண்டும். வெளியூர் போவதானால் முன்கூட்டியே சொல்லி ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பல ஊர்களில் இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் இருக்கும் ஆள் சந்தேகப்படும்படியான இடத்தில் நின்றால், திருடப் போகிறான் என்று கோர்ட்டுக்குத் தோன்றினாலே மூன்று ஆண்டு வரை சிறை. திருடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா பதிவானவர். "எங்கய்யா பொண்ணு பாக்கப் போனதே சீட்டு வாங்கித்தான் தம்பி" என்றார். போன ஊரில் கிராம அதிகாரியான முன்சீப்பிடம் சீட்டைக் காட்டி, வந்தேன் என்று எழுதி வாங்க வேண்டும். திரும்பும்போது போகிறேன் என்று எழுதி வாங்க வேண்டும். பெண் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பதற்கு முன்னால் முன்சீப்பைத் தேடிப் போன மாப்பிள்ளை. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது வெயில் அடித்தது என்பதைப் போலத்தான் சொன்னார். அந்தத் தொனியை என்னால் மறக்க முடியவில்லை.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1975இல் சிறையின் வரலாற்றை எழுதியபோது சொன்ன முக்கியமான விஷயம், அதிகாரம் தடுப்பதும் அடிப்பதும் மட்டும் செய்வதில்லை, புதிதாக ஒன்றை உண்டாக்கவும் செய்கிறது என்பது. அது உண்டாக்குவதில் முதன்மையானது அறிவு. அறிவே ஆற்றல் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வாக்கியத்தில் அறிவு முதலில் வருகிறது, அதை வைத்திருப்பவனுக்குப் பலம் பிறகு வருகிறது. ஃபூக்கோவிடம் இரண்டும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. ஒருவனை நிற்கவைத்து அளக்க முடிகிற இடத்தில்தான் அவனைப் பற்றிய அறிவு உருவாகும். அந்த அறிவு உருவானதும் அவனை இன்னும் நெருக்கமாக நிற்கவைக்கலாம்.

சென்னை மாகாணத்தில் இது எப்படி நடந்தது என்பது ஆவணங்களில் பளிச்சென்று தெரிகிறது. போலீஸ் அதிகாரி முல்லாலி 1892இல் மாகாணத்தின் குற்ற வகுப்புகள் பற்றி ஒரு கையேடு எழுதினார். எந்தச் சாதி எப்படிக் கன்னம் வைக்கும், எந்த ஆயுதம் எடுக்கும், என்ன குழூஉக்குறி பேசும் என்று பட்டியல். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அவரே போலீஸ்காரர்களுக்கு உடலளவை முறையைப் பயிற்றுவித்தவர். போலீஸ் கையேட்டிலிருந்து, சாதிகளை விவரித்து எழுதும் இனவரைவியல் எடுத்துக்கொள்ளும், இனவரைவியலிலிருந்து அடுத்த கையேடு எடுத்துக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று சாட்சி. மூன்றாவது புத்தகத்துக்கு வரும்போது அது ஊரறிந்த உண்மையாகிவிடும்.

ரேகையின் கதையும் இதற்குள்தான் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்கு ஜல்லி தர ஒப்புக்கொண்ட ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் மேல் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாறிவிடக் கூடாது என்பதற்காக. அங்கிருந்து கிளம்பிய வழக்கம், வங்காளத்தின் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் காலத்தில் ஒரு முறைமையாக உருவெடுத்தது. அதன் கணக்கைப் போட்டவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். பத்து விரல்களை ஐந்து ஜோடியாகப் பிரிக்க வேண்டும். ரேகை சுழியாக இருந்தால் முதல் ஜோடிக்கு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. ஜோடியில் ஒரு விரலின் எண் மேலே, மற்றதன் எண் கீழே என்று தனித்தனியாகக் கூட்டி, இரண்டோடும் ஒன்று சேர்த்தால் ஒவ்வொரு மனிதனும் ஒரு பின்னமாகிவிடுவான். மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, மொத்தம் 1024 அறைகள். லட்சக்கணக்கான அட்டைகள் குவிந்திருந்தாலும் உங்கள் அட்டை எந்த அறையில் இருக்கிறது என்று சில நிமிடங்களில் போய் எடுத்துவிடலாம்.

கல்கத்தாவில் 1897இல் ரேகை அலுவலகம் வந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் 1901இல்தான். இந்தியாவில் பழகிய பிறகே அங்கே போனது. கணித அழகு நிறைந்த அந்த முறையைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வியப்பு வருகிறது. அதே முறை, குற்றம் எதுவும் செய்யாத ஒரு சம்சாரியின் விரல்களைப் பிடித்து உருட்டுவதற்கும் உதவியது. பலகையில் மையைத் தடவி, விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மற்றொருவர் பிடித்து உருட்ட வேண்டும். விரலுக்கு உரியவன் தன் விரலைத் தளர்த்திக் கொடுத்தால்தான் பதிவு சுத்தமாக வரும். இறுக்கினால் தீற்றிவிடும். ஃபூக்கோ பக்கம் பக்கமாக எழுதும் உடல்மீதான ஒழுங்கு என்பதை நான் இந்த ஒரு அசைவிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

கையேடு எழுதியவர்களுடைய அறிவு எதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. குறவர்கள் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்த வணிகர்கள். 1850களில் ரயில் வந்தது, அரசின் உப்புக் கொள்கை இறுகியது, பிழைப்பு போயிற்று. வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். கையேடுகளில் ரயிலுக்கும் உப்புக்கும் இடமில்லை, அலைகிற சாதி என்ற குணம் மட்டும் இருக்கிறது. ஒரு வரலாற்றை எடுத்து ஒரு இயல்பாக மாற்றிவிடுவது ஆட்சிக்கு வசதியானது. வரலாறு என்றால் யாராவது பதில் சொல்ல வேண்டும், இயல்பு என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

கள்ளர் நாட்டின் கதை இன்னும் சிக்கலானது, அதைச் சுத்தப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. காவல் என்பது அங்கே ஒரு நிறுவனம். ஊரையும் மாட்டையும் களத்தையும் காப்பதற்குக் காவல்காரனுக்குக் கூலி உண்டு. களவு போனால் மீட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கொடுக்க வேண்டும். போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்ல வாங்குவது துப்புக்கூலி. காப்பதற்கும் கவர்வதற்கும் நடுவில் கோடு எப்போதும் தெளிவாக இருக்கவில்லை. இதனால் அடிபட்ட குடியானவர்கள் 1896 வாக்கில் பணம் திரட்டி, ஊர் ஊராகச் சேர்ந்து, கள்ளர் காவலே வேண்டாம் என்று எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பண்டு என்று பெயர். 1859இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்ததிலிருந்தே பழைய காவல், அரசின் கண்ணில் ஒரு போட்டிக் கடை. ஆக, அரசுக்குக் கள்ளர்மீது ஒரு கண், பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வருத்தம். இரண்டும் சேர்ந்த பிறகு, இவர்கள் எல்லோருமே திருடர்கள் என்ற வாக்கியத்தை யாரும் மேலிருந்து திணிக்க வேண்டியிருக்கவில்லை.

இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி முசோலினியின் சிறையிலிருந்து எழுதிய குறிப்பேடுகளில் பொதுப்புத்தி பற்றி நிறையப் பேசுகிறார். ஆள்வோரின் பார்வை ஆளப்படுவோரின் அன்றாடப் பேச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இது காலங்காலமாக இப்படித்தானே என்று தோன்றுகிற நிலை. அவர் அதை மேலாண்மை என்றார், பலவந்தத்தையும் இசைவையும் கலந்து ஆள்வது. 1974இல் சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் இதையே வேறு வழியில் சொன்னார். ஒருவனை அவனுக்கு விருப்பமில்லாததைச் செய்ய வைப்பதைவிட, அவனுடைய விருப்பத்தையே வடிவமைப்பது பெரிய அதிகாரம். வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா மட்டும் இதை ஒப்பவில்லை. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி மேலாண்மையை எட்டவே இல்லை, அது வெறும் ஆதிக்கமாகவே இருந்தது, இசைவைவிடப் பலவந்தம்தான் அதில் கூடுதல் என்பது அவருடைய வாதம். பெருங்காமநல்லூரை வைத்துப் பார்த்தால் நான் குஹா பக்கம் சாய்வேன். அந்த ஊர் ஒரு நாளும் தன்னைத் திருட்டு ஊர் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்துக் குடியானவர்களை வைத்துப் பார்த்தால் கிராம்ஷி சரி. ஒரே மாவட்டத்தில், ஒரே பத்தாண்டில், இரண்டுமே நடந்திருக்கிறது. கோட்பாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

1920க்குப் பிறகு அரசு வேறொரு வழியைத் தீவிரமாகக் கையில் எடுத்தது. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், கடன், சில இடங்களில் நிலம், தொழிற்பயிற்சி. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அரசு கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயர்ப் பலகையை இன்றும் பார்க்கலாம். பல தலைமுறைகள் அங்கே படித்து வாத்தியாராகவும் வக்கீலாகவும் கலெக்டர் ஆபீஸ் ஊழியராகவும் ஆகியிருக்கின்றன. எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் தந்த கையும் பதிவேட்டைப் பிடித்திருந்த கையும் ஒன்று. மகன் பள்ளிக்குப் போகிறானா என்று பார்ப்பதும், அப்பன் ராத்திரி சாவடிக்கு வந்தானா என்று பார்ப்பதும் ஒரே நிர்வாகம். ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு, குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட எருகுலர்களைக் குடியேற்றியதிலும் இதே சேர்க்கை: ஜெபம், உழைப்பு, ஆஜர். தண்டிப்பதைவிடத் திருத்துவது ஆளை ஆழமாகப் பிடிக்கும் என்று ஃபூக்கோ ஐரோப்பாவைப் பார்த்துச் சொன்னார். குடியேற்ற நாடுகளைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. எழுதியிருந்தால், ஆங்கிலத் தத்துவவாதி பெந்தம் 1791இல் சிறைக்காக வரைந்து காட்டிய, நடுவிலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்கும் கண்காணிப்புக் கோபுரத்தைக் கட்டாமலேயே ஒரு ஊரைச் சிறையாக்கிய வித்தை அவருக்குப் பயன்பட்டிருக்கும். முன்சீப், சாவடி, சீட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் கண், இவ்வளவே போதுமாக இருந்தது.

தத்துவவாதி இயன் ஹாக்கிங் 1986இல் மனித வகைகளை உண்டாக்குவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்லுக்கு என்ன பெயர் வைத்தாலும் கல்லுக்குத் தெரியாது. மனிதனுக்கு வைத்தால் தெரியும். அந்தப் பெயரோடு அவன் வாழ வேண்டும், அதை எதிர்க்க வேண்டும், பயன்படுத்த வேண்டும். அவன் மாறுவதால் அந்த வகையே மாறும். ஸ்டூவர்ட்புரம் என்றாலே திருடர்களின் ஊர் என்று ஆந்திரத்தில் சினிமா வரைக்கும் போய் நின்றது இந்தச் சுழற்சியால்தான். திருத்துவதற்காக ஒரே இடத்தில் சேர்த்தார்கள். சேர்த்ததாலேயே அந்த இடம் அடையாளமாகிவிட்டது. அந்த ஊரின் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது. வேலை இல்லாதவனைப் போலீஸ் முதலில் பிடிக்கும். சிறை குற்றத்தைக் குறைப்பதில் தோற்றதே தவிர, குற்றவாளி என்ற வகையை உற்பத்தி செய்வதில் தோற்கவே இல்லை என்று ஃபூக்கோ எழுதியது இதைத்தான்.

எதிர்ப்புக்கு வருகிறேன். அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்று ஃபூக்கோ 1976இல் எழுதியது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரி. கேட்பதற்கு ஆறுதலாக இருந்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 16 பேரின் சாவு ஒரு விதிக்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். எப்படி எதிர்த்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அந்த வரி சொல்லாது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் அதைச் சொல்ல முயன்றவர். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் கிராமத்தில் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்தார். இருபோகமும் அறுவடை இயந்திரமும் வந்து கூலிகளின் வேலையைத் தின்றுகொண்டிருந்த காலம். அங்கே புரட்சி எதுவும் நடக்கவில்லை. வேலையை இழுத்தடித்தார்கள், தெரியாதது போல நடித்தார்கள், முதலாளியின் கோழியும் நெல்லும் காணாமல் போயின, கஞ்சப் பணக்காரனுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர். முகத்துக்கு நேரே பேசுவது ஒன்று, தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறொன்று.

நான் சந்தித்த பெரியவரிடமும் இதில் கொஞ்சம் கிடைத்தது. சாவடியில் பெயர் கூப்பிடும்போது வராதவனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பதுண்டாம். இருட்டில் யார் முகம் தெரியும் என்றார். முன்சீப்புக்குக் கோழி போனால் சீட்டு சீக்கிரம் வருமாம். வயலுக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சும் முறை வந்தால் வீட்டுப் பெண்கள் மண்வெட்டியோடு போய்விடுவார்களாம், பதிவேட்டில் ஆம்பளைப் பெயர்தானே இருக்கிறது. ஸ்காட்டைப் படித்தபோது இவை எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அதோடு ஒரு சங்கடமும் வந்தது. இந்தச் சின்னத் தந்திரங்கள் ஒரு குடும்பத்தை அந்த வருடம் காப்பாற்றும். பதிவேட்டை அவை தொடுவதில்லை. ஸ்காட்டின் வாசகர்கள் சிலர் தினசரி எதிர்ப்பைக் கொண்டாடும் வேகத்தில் இதை மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவேட்டைத் தொட்டது வேறு வகைப் போராட்டம். செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வழக்காடினார், மேடையில் பேசினார், எழுதினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களும் உண்டு. முத்துராமலிங்கத் தேவர் 1930களில் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினார். கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று. இந்தியா முழுவதற்கும் 1952 ஆகஸ்ட் 31இல் போயிற்று.

ஃபூக்கோவும் இப்படி ஒரு வேலையில் இறங்கியவர் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1971 பிப்ரவரியில் அவரும் நண்பர்களும் சிறைகள் பற்றித் தகவல் திரட்ட ஒரு குழு தொடங்கினார்கள். கேள்வித்தாள்களைக் கைதிகளின் குடும்பத்தார் வழியாக உள்ளே அனுப்பினார்கள். சாப்பாடு எப்படி, அடி எப்படி, கடிதம் வருகிறதா என்று கைதிகளே எழுதியது அப்படியே வெளியே வர வேண்டும் என்பது நோக்கம். சிறையைப் பற்றி அதிகம் தெரிந்தவன் கைதி, அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இதைத்தான் இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் இடைமறித்தார். கேட்டால் பேசிவிடுவார்கள் என்பது பாரிஸில் உட்கார்ந்துகொண்டு நம்பக்கூடியது, சிலருடைய பேச்சு நம் காதுக்கு எட்டும் பாதையே இல்லாதபடிதான் உலகம் அமைக்கப்பட்டிருக்கிறது என்றார். மாயக்காளின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவருடைய வார்த்தை ஒன்றுகூட என் கையில் இல்லை. ஸ்பிவாக்கை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இதே வட்டாரத்தில் நடந்த வேறொன்றையும் பேசியாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு அதிகாரத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை, பத்து ஆண்டுகள், அங்கே ஒரு தலித் தலைவர் பதவியில் அமர்ந்து செயல்பட முடியவில்லை. தேர்தலே நடக்கவிடாமலும், வென்றவரை விலக வைத்தும் தடுத்தவர்கள், ரேகைச் சட்டத்தில் தாத்தாக்களைப் பறிகொடுத்த அதே சமூகத்தின் ஆட்கள். அடக்கப்பட்டவர்கள் அடக்குவதை வெறுப்பார்கள் என்று நாம் ஆசைப்படுகிறோம். அதிகாரம் யாருடைய சொத்தும் இல்லை, உறவுகளுக்குள் ஓடுவது அது, ஒரே ஆள் ஒரு உறவில் மிதிபடுவான், அடுத்த உறவில் மிதிப்பான் என்று ஃபூக்கோ சொன்னது எனக்கு வெறும் தத்துவமாகத் தெரியாததற்கு இந்தப் பத்து ஆண்டுகள்தான் காரணம். பெருங்காமநல்லூர்த் தூணின் முன்னால் நிற்பவர்கள் பாப்பாபட்டியையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று நான் கேட்பேன். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்று: பிறப்பை வைத்து ஒருவன் இன்னதுதான் ஆக முடியும் என்று யார் முடிவு செய்வது?

சட்டம் போன பிறகும் வகை போகவில்லை. குற்றப் பரம்பரை என்ற பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைச் சீர்மரபினர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1979இல் அரசு ஆணை ஒன்று, சீர்மரபுப் பழங்குடியினர் என்று இருந்ததைச் சீர்மரபுச் சமூகத்தினர் என்று மாற்றியது. அதைத் திருப்பித் தரக் கோரி மக்கள் நாற்பது ஆண்டுகள் போராடினார்கள், 2019இல் மத்திய அரசுத் திட்டங்களுக்கு மட்டும் பழங்குடியினர் என்று சான்றிதழ் தர மாநில அரசு ஒப்புக்கொண்டது. மாநிலத்துக்கு ஒரு பெயர், டெல்லிக்கு ஒரு பெயர். இரட்டைச் சான்றிதழ் வேண்டாம் என்ற கோரிக்கை அதன் பிறகும் தொடர்ந்தது. எந்த வகைக்குள் தள்ளப்பட்டு மானம் இழந்தார்களோ, அந்த வகையின் பெயராலேயே இன்று உரிமை கேட்கிறார்கள். இதைப் பார்த்து, சாதிச் சலுகைக்கு ஆசைப்படுகிறார்கள் என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அரசு தன் பதிவேட்டில் உங்களை எப்படி எழுதிவைத்திருக்கிறதோ அந்த மொழியில்தான் அதனிடம் பேச முடியும். வேறு மொழியில் எழுதிய மனு மேசைக்கே போகாது. மருத்துவமும் சட்டமும் தங்களுக்கு வைத்த பெயரை எடுத்துக்கொண்டே ஒருபால் ஈர்ப்பாளர்கள் தங்கள் நியாயத்தைப் பேச ஆரம்பித்தார்கள் என்று ஃபூக்கோ காட்டியதும் இதே வழிதான்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இடத்தில், திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று கருதப்படும் ஆட்களைக் கண்காணிக்கும் தொடர் குற்றவாளிச் சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. சென்னை மாகாணத்தில் 1948லேயே. சாதியின் பெயர் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது, போலீஸ்காரரின் சந்தேகத்திலிருந்து எடுக்கப்படவில்லை. மேற்கு வங்கத்தில் புருலியாவில் 1998இல் புதன் சபர் என்ற இளைஞர் காவலில் இறந்த பிறகு, எழுத்தாளர் மஹாஸ்வேதா தேவியும் ஆய்வாளர் கணேஷ் தேவியும் நாடு முழுக்க இருக்கும் இப்படிப்பட்ட சமூகங்களுக்காக ஓர் அமைப்பே தொடங்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டங்களை நீக்கச் சொல்லி ஐ.நா.வின் இன ஒதுக்கல் ஒழிப்புக் குழு 2007இல் இந்தியாவைக் கேட்டுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தை நீக்கச் சொன்னது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்தும் விதிகளையும் செல்லாது என்றது.

தீர்ப்பு சிறைக்குள்ளே இருக்கும் பதிவேட்டைப் பற்றியது. காவல் நிலையங்களில், போலீஸ் தொடர்ந்து கண்காணிக்கும் ஆட்களின் விவரங்கள் அடங்கிய சரித்திரப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகைச் செய்திகளில் சரித்திரப் பதிவேடு குற்றவாளி என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது படிக்கிறோம். அதில் யார் பெயர் ஏறுகிறது, எந்தத் தெருவிலிருந்து ஏறுகிறது, எத்தனை ஆண்டு இருக்கிறது, யார் அதை நீக்குகிறார்கள் என்பதை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும், தொடர் குற்றவாளிச் சட்டங்களை மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற வேண்டும். சீர்மரபினருக்காகப் பேசுகிறவர்கள் நெடுங்காலமாக இந்தச் சட்டங்களுக்கு எதிராக நிற்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன்.